டிஸ்க் சொன்ன பிழை யாருக்குக் கேட்டது?

2018 மார்ச் மாதம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நின்றது. கையிலுள்ள தரவை டிஸ்கில் உறுதியாக எழுதி முடிக்கும்படி கர்னலைக் கேட்கும் அழைப்புக்கு எஃப்சிங்க் என்று பெயர். அது ஒருமுறை தோற்றுப்போகிறது. மறுபடி அழைத்தால் வெற்றி என்று பதில் வருகிறது. தரவு பத்திரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? போஸ்ட்கிரெஸ் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தது. லினக்ஸில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது.

இரண்டு பக்கமும் சோதனைக்குக் குறைவில்லை. லினக்ஸின் கோப்பு முறைமைகளைச் சோதிக்கவே வளர்ந்த பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸுக்கும் தனக்கென்று விரிவான சோதனைகள் உண்டு. ஆனாலும் இவ்வளவு அடிப்படையான ஒரு பிழை இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. காரணம் எளிது. அந்தச் சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை நல்ல டிஸ்கின் மேல் நடந்தவை. டிஸ்க் எழுத மறுத்தால் அந்தச் செய்தி யாரிடம், எப்போது, எத்தனை முறை போய்ச் சேர வேண்டும் என்பதைச் சோதனைக் கருவிகள் கேட்கவே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. டிஸ்கில் எழுதும்போது நேரும் தோல்வியைச் சுருக்கமாக எழுதுபிழை என்று இங்கே அழைக்கிறேன்.

ஒரு நிரல் ரைட் என்ற அழைப்பை விடுத்தவுடன் தரவு டிஸ்குக்குப் போய்விடுவதில்லை. கர்னல் அதைப் பேஜ் கேஷ் எனப்படும் நினைவகப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு வெற்றி என்று பதில் சொல்கிறது. பதிவுத் தபாலைக் கவுன்டரில் கொடுத்ததும் கிடைக்கும் ரசீதைப் போன்றது அந்தப் பதில். கடிதம் உரியவர் கைக்குப் போனதைச் சொல்லும் ஒப்புகை அட்டை பிறகுதான் வரும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இப்படித் தேங்கிய பக்கம் 30 விநாடிவரைகூட நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அதற்குள் எழுதிய நிரல் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். டிஸ்க் அப்போது எழுத மறுத்தால், பிழையைப் பெற்றுக்கொள்ளவேண்டியவர் அங்கே இல்லை.

டிஸ்குக்குள்ளும் இதே போன்ற ஒரு தாமதம் உண்டு. பெரும்பாலான டிஸ்குகள் தமது சொந்த எழுது-கேஷில் தரவை வாங்கிக்கொண்டதுமே சரி என்று சொல்லிவிடும். கேஷைக் காலிசெய்யும் ஃபிளஷ் கட்டளை போகும்போதுதான் உண்மை நிலை தெரியும். கெட்டுப்போன செக்டாரில் எழுதச் சொன்னால் பல டிஸ்குகள் சத்தமில்லாமல் வேறொரு உபரி செக்டாருக்கு அதை மாற்றிவிடும். இதனால் எழுதுபிழை மேலே வந்து சேர்வது அபூர்வம். அபூர்வமானதைக் கையாளும் நிரல்வரிகள் அபூர்வமாகவே ஓடும். ஓடாத வரிகளில் பிழைகள் தங்கும்.

இது அனுமானம் இல்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஆர்பாசி-டுசோ, ரெம்சி ஆர்பாசி-டுசோ இருவரின் ஆய்வுக்குழு 2005இலேயே எக்ஸ்ட்3, ரெய்சர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளுக்கு வேண்டுமென்றே டிஸ்க் பிழைகளை ஊட்டிப் பார்த்தது. எழுதுபிழைகளில் பலவற்றை எக்ஸ்ட்3 கண்டுகொள்ளவே இல்லை. ரெய்சர்எஃப்எஸ் பெரும்பாலும் கர்னலையே நிறுத்திவிட்டது. 2008இல் ஹரியாதி குணாவியும் சக ஆய்வாளர்களும், லினக்ஸ் 2.6இல் இருந்த எல்லாக் கோப்பு முறைமைகளிலும் 3 முக்கியச் சேமிப்பக டிரைவர்களிலும் பிழைக்குறி ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு எப்படிப் போகிறது என்று மூலநிரலையே அலசினார்கள். 1,153 இடங்களில், அதாவது 13 விழுக்காடு அழைப்புகளில், பிழைக்குறி கையாளப்படாமல் கீழே விடப்பட்டிருந்தது. படிக்கும்போது நேரும் பிழைகளைவிட எழுதுபிழைகளே அதிகம் புறக்கணிக்கப்பட்டன என்பதை அவர்கள் உறுதிசெய்தார்கள். அந்தப் புறக்கணிப்புகளில் பல கவனக்குறைவால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை, தெரிந்தே செய்தவையாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். என்னை மிகவும் யோசிக்கவைப்பது இந்தக் கடைசிச் செய்திதான். பிழையை மேலே சொன்னாலும் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை என்று நிரலாளருக்குத் தெரிந்திருந்தால், சொல்லாமல் விடுவது அவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும்.

லினக்ஸின் பழைய ஏற்பாடு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நினைவகத்தில் தேங்கிய ஒரு பக்கத்தை எழுத முடியாமல்போனால், அந்தக் கோப்புக்கு உரிய இடத்தில் கர்னல் ஒரு கொடியை ஏற்றிவைக்கும். அடுத்து யார் எஃப்சிங்க் கேட்டாலும் பிழையை அவரிடம் சொல்லிவிட்டுக் கொடியை இறக்கிவிடும். ஒரே கோப்பை மூன்று நிரல்கள் திறந்து எழுதிக்கொண்டிருந்தால், முதலில் கேட்டவருக்குப் பிழை, மற்ற இருவருக்கும் வெற்றி. முதலில் கேட்டவர் எழுதாதவராகக்கூட இருக்கலாம். 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.13இல் ஜெஃப் லேட்டன் இதை மாற்றியமைத்தார். கொடிக்குப் பதிலாக 32 பிட் மதிப்பு ஒன்று வந்தது. அதில் பிழைக்குறி, அதை யாராவது பார்த்துவிட்டார்களா என்பதற்கான ஒரு பிட், ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் ஆகிய மூன்றும் அடக்கம். கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும் அப்போதைய மதிப்பைக் குறித்துவைத்துக்கொள்கிறார்கள். எஃப்சிங்க் கேட்கும்போது மதிப்பு மாறியிருந்தால் பிழை சொல்லப்படும், குறிப்பும் புதுப்பிக்கப்படும். இதனால் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழைச்செய்தி ஒருமுறை போய்ச்சேரும்.

சோதனைக் கருவிகளின் வரலாற்றில் இந்த மாற்றத்தின் கூடவே வந்த ஒன்றுதான் எனக்கு அதிகம் முக்கியமாகப் படுகிறது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்பது எஸ்ஜிஐ நிறுவனத்தில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்காகப் பிறந்து, இன்று லினக்ஸின் ஏறக்குறைய எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவாகிவிட்ட சோதனைத் தொகுப்பு. லேட்டன் அதில் ஜெனரிக் 441 என்ற சோதனையைச் சேர்த்தார். ஒரு கோப்பைப் பல தடவை திறந்து, ஒவ்வொரு ஃபைல் டிஸ்கிரிப்டர் வழியாகவும் எழுதி, எஃப்சிங்க் கேட்டு, எல்லாம் வெற்றி என்று முதலில் உறுதிசெய்கிறது. பிறகு கீழேயுள்ள டிஸ்கின் இடத்தில், எழுதச் சொன்னதெல்லாம் தோற்கும் ஒரு போலி டிஸ்கைச் செருகுகிறது. மறுபடி எழுதி எஃப்சிங்க் கேட்டால் ஒவ்வொரு டிஸ்கிரிப்டரிலும் பிழை வந்தாக வேண்டும். கடைசியாக எல்லாவற்றிலும் இன்னொரு முறை எஃப்சிங்க் கேட்கிறது. இப்போது எல்லாம் வெற்றி என்று வர வேண்டும்.

கடைசிப் படியைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். தொலைந்த தரவு தொலைந்ததுதான், ஆனாலும் அடுத்த எஃப்சிங்க் வெற்றி சொல்கிறது. ஏனென்றால் அது சொல்லும் பதில், சென்றமுறை கேட்டதற்குப் பிறகு புதிதாகப் பிழை எதுவும் இல்லை என்பது மட்டுமே. எழுத முடியாமல்போன பக்கத்தை லினக்ஸ் எழுதப்பட்ட பக்கமாகக் குறித்துவிடுகிறது. மறுபடி எழுதிப்பார்க்க அதனிடம் எதுவும் பாக்கியில்லை. ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளமோ அந்தப் பக்கத்தை எழுதவேண்டியதாகவே வைத்துக்கொள்ளும். ஜெனரிக் 441 பிழை சொல்லப்பட்டதா என்பதைச் சரியாகவே சோதிக்கிறது. தரவு இருக்கிறதா என்பதை அது கேட்கவில்லை, கேட்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சோதனையில் தேறிவிட்டது என்ற ஒரு வார்த்தையைப் படிப்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடும் ஆபத்து மிகப் பெரிது.

4.13 வந்த பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. போஸ்ட்கிரெஸில் தரவுக் கோப்பில் எழுதும் புராசஸ் ஒன்று. பிற்பாடு அதைத் திறந்து எஃப்சிங்க் கேட்கும் புராசஸ் வேறொன்று. திறக்கும் நேரத்து மதிப்பையே குறித்துக்கொள்வதால், திறப்பதற்கு முன் நடந்த பிழை இரண்டாமவருக்குத் தெரியாமலே போய்விடும். யாருமே இன்னும் பார்க்காத பிழையாக இருந்தால் புதிதாகத் திறப்பவருக்கும் சொல்லவேண்டும் என்று 2018இல் மேத்யூ வில்காக்ஸ் அதைத் திருத்தினார். அப்போதும் கோப்பின் ஐநோடு, அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களின் பதிவு, நினைவகத்திலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டால் பிழைக்குறிப்பும் அதோடு போய்விடும். போஸ்ட்கிரெஸ் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்தத்தில் மறுமுயற்சியையே கைவிட்டது. எஃப்சிங்க் தோற்றால் இப்போது சர்வர் தானாக நின்று, முன்கூட்டி எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கும்.

எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். கருவிகள் பலவும் இந்த வழியைத்தான் நம்புகின்றன. 2020இல் அதே விஸ்கான்சின் குழுவிலிருந்து ஆண்டனி ரெபெல்லோ, யுவராஜ் படேல், ராம்நாதன் அழகப்பன் ஆகியோர் ஆர்பாசி-டுசோ இருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றிலும் குறிப்பிட்ட செக்டாரில் குறிப்பிட்ட முறை எழுதும்போது மட்டும் தோற்கும்படி செய்து பார்த்தார்கள். எஃப்சிங்க் தோற்ற பிறகு எக்ஸ்ட்4இன் வழக்கமான முறையிலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் நினைவகத்தில் புதிய உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. உடனே படித்துப்பார்க்கும் கருவிக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நினைவக நெருக்கடியில் அந்தப் பக்கம் வெளியேறிய பிறகு படித்தால் டிஸ்கிலிருந்து பழைய உள்ளடக்கம் வரும். பிடிஆர்எஃப்எஸ் நினைவகத்திலிருப்பதையும் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடுகிறது. எக்ஸ்ட்4இல் தரவையும் ஜர்னலில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், தோற்ற எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லிவிட்டு, அடுத்த எஃப்சிங்கில்தான் பிழையைச் சொல்கிறது. ரெடிஸ், எல்எம்டிபி, லெவல்டிபி, எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய ஐந்து தரவுச் சேமிப்பு மென்பொருள்களையும் இந்தக் கோப்பு முறைமைகளின் மேல் ஓட்டிப் பார்த்தபோது, அவற்றில் எதன் உத்தியும் முழுமையாகப் போதவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதன் வெளிச்சத்தில் நடைமுறையில் உள்ள கருவிகளைப் பார்க்கலாம். டிடி கட்டளையால் ஒரு பென் டிரைவில் எழுதினால், இத்தனை பைட் நகலாயின, வேகம் இவ்வளவு என்று உற்சாகமாகச் சொல்லும். அந்த நேரத்தில் பாதித் தரவு நினைவகத்திலேயே இருக்கலாம். முடிவில் எஃப்சிங்க் செய்யும்படியான விருப்பத்தைச் சேர்த்தால்தான் அதன் முடிவுக்குறி நம்பத்தகுந்ததாகிறது. டிஸ்க் நலம் பார்க்க டிடியை ஓட்டிவிட்டுத் திருப்தியடைவோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

பேட்பிளாக்ஸ் என்ற பழைய கருவி இதில் எவ்வளவோ மேல். அதன் எழுதிப்பார்க்கும் முறையில் நான்கு விதமான பிட் வடிவங்களை வரிசையாக டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. இயன்றவரை பேஜ் கேஷைத் தவிர்த்து நேராக டிஸ்கோடு பேசுகிறது. முடிவில் அது தரும் வரியில் மூன்று எண்கள் இருக்கும்: படிக்க முடியாதவை, எழுத முடியாதவை, எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாதவை. இந்தப் பிரிவினை அருமையானது. மூன்றாவது எண் பூஜ்யத்துக்கு மேல் போனால், எழுதிவிட்டேன் என்று டிஸ்க் பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள். அது முதல் இரண்டையும்விடக் கவலைக்குரியது. பைராவசுந்தரமும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதம் கவனித்து, செக்சம் ஒத்துப்போகாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்; பொய் சொல்லும் டிஸ்க் கற்பனை இல்லை.

எஃப்எஸ்எக்ஸ் என்ற கருவியை அவாடிஸ் டெவானியன் எழுதினார், பிற்பாடு ஆப்பிளில் விரிவாக்கினார்கள். கோப்பில் தற்செயலான இடங்களில் எழுதும், படிக்கும், வெட்டும். கோப்பில் இருக்கவேண்டியது என்ன என்பதன் நகலைத் தன் நினைவில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போகும். ஒரு செயல் தோற்றாலோ ஒரு பைட் பிசகினாலோ அங்கேயே நின்று, அதுவரை செய்த செயல்களின் பட்டியலை அச்சிடும். முதல் தவறிலேயே நின்றுவிடும் இந்தப் பழக்கத்தைப் பிற கருவிகளும் கற்றுக்கொள்ளலாம். எஃப்எஸ்ஸ்டிரெஸ் இதற்கு நேர்மாறு. இல்லாத கோப்பை நீக்குவது போன்ற செயல்களையும் அது கலந்துகட்டிச் செய்வதால் அதன் அழைப்புகளில் பல தோற்பது இயல்பு. ஆகவே தோல்விகளைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பு முறைமையைத் திணறவைக்க அது சிறந்த கருவி. எழுதுபிழையைக் கண்டுபிடிக்க அதை நம்பக்கூடாது, ஏனென்றால் வழக்கமான தோல்விகளின் கூட்டத்தில் உண்மையான டிஸ்க் பிழை தனித்துத் தெரியாது.

எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் ஒவ்வொரு சோதனையின் வெளியீட்டையும் முன்பே எழுதிவைத்த சரியான வெளியீட்டோடு வரிக்குவரி ஒப்பிடும். எதிர்பாராத பிழைச்செய்தி ஒன்று வந்தாலே சோதனை தோற்றுவிடும் என்பது இதன் பலம். அச்சிடப்படாத பிழை தேர்ச்சியாகக் கணக்காகும் என்பது இதன் பலவீனம். இதை உணர்ந்தே சோதனை முடிந்ததும் கோப்பு முறைமையை எஃப்எஸ்சிகே வகைக் கருவியால் பரிசோதிப்பதும், கர்னலின் பதிவேட்டில் எச்சரிக்கைகளைத் தேடுவதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கர்னல் பதிவேட்டைப் பார்ப்பது அவசியம், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. பொதுவான பிழைச்செய்தி எந்தச் சாதனத்தில் எந்த பிளாக் எண்ணில் எழுத முடியவில்லை என்று சொல்லும். கோப்பின் பெயர் அங்கே இருக்காது. எக்ஸ்ட்4 கூடுதலாக ஐநோடு எண்ணைத் தருகிறது. நிரலுக்கோ கோப்பின் பெயர் தெரியும், பிளாக் தெரியாது. எக்ஸ்ட்4இல் டீபக்எஃப்எஸ் என்ற கருவியின் ஐசெக், என்செக் கட்டளைகளால் பிளாக்கிலிருந்து ஐநோடுக்கும் ஐநோடிலிருந்து பெயருக்கும் போகலாம். இந்த இணைப்பைச் சோதனைக் கருவியே செய்து, இந்தக் கோப்பில் இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட்டுகள் டிஸ்கைச் சேரவில்லை என்று ஒரே வரியில் சொன்னால், நள்ளிரவில் சர்வரோடு போராடும் நிர்வாகிக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பல கருவிகள் உள்ளீடு/வெளியீட்டுப் பிழை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. எந்த அழைப்பு தோற்றது என்பதுகூடத் தெரிவதில்லை. ரைட் தோற்றதா, எஃப்சிங்க் தோற்றதா, குளோஸ் தோற்றதா என்பதைப் பொறுத்துப் பொருள் முற்றிலும் மாறும். வலைப்பின்னல் வழிக் கோப்பு முறைமையான என்எஃப்எஸ்ஸில் ஒதுக்கீடு தீர்ந்த செய்தி கோப்பை மூடும்போதுதான் வந்துசேரக்கூடும். குளோஸின் பதிலைப் பார்க்காத கருவிக்கு அது கடைசிவரை தெரியாது.

அபூர்வமான பிழையைக் காத்திருந்து பிடிக்க முடியாது, உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும். லினக்ஸின் டிவைஸ் மேப்பர் இதற்கு வசதி தருகிறது. டிஎம்-எரர் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். டிஎம்-ஃபிளேக்கி குறித்த இடைவெளிகளில் மட்டும் கெடும். எழுதுவதைப் பிழையோடு மறுக்கவும் அதற்குச் சொல்லலாம், வெற்றி சொல்லிவிட்டுத் தரவை வீசிவிடவும் சொல்லலாம். டிஎம்-டஸ்ட் குறிப்பிட்ட பிளாக்குகளைக் கெட்டவையாகக் காட்டும்; அங்கே மறுபடி எழுதினால் உண்மையான டிஸ்க் மாற்று செக்டார் தருவதுபோலச் சரியாகிவிடும்.

இவற்றைவிட ஒழுங்கான முறை எஸ்கியூலைட்டில் இருக்கிறது. கோப்பு முறைமையோடு பேசும் அடுக்குக்குப் பதிலாகப் பிழைசெய்யும் ஓர் அடுக்கைச் செருகுகிறார்கள். முதல் ஓட்டத்தில் முதல் உள்ளீடு/வெளியீடு செயலே தோற்கும். அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது தோற்கும். இப்படியே ஒரு பிழையும் நேராமல் வேலை முழுதாக முடியும்வரை போவார்கள். ஒருமுறை மட்டும் தோற்பது, தோற்க ஆரம்பித்தபின் தொடர்ந்து தோற்பது என இரண்டு வகையிலும் இதைச் செய்கிறார்கள். முடிவில் பிழையூட்டலை நிறுத்திவிட்டுத் தரவுத்தளம் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எந்தச் செயலும் விட்டுப்போகாது என்பதே இதன் சிறப்பு. ஆனாலும் 2020 ஆய்வில் சிக்கிய ஐந்தில் எஸ்கியூலைட்டும் உண்டு. அந்த மாற்று அடுக்கு பிழையைத் திருப்பித்தரும். பிழைக்குப் பின் லினக்ஸின் பேஜ் கேஷ் என்ன நிலையில் இருக்கும் என்பதை உருவாக்கிக்காட்டாது. ஊட்டும் பிழை உண்மைப் பிழையின் பின்விளைவுகளோடு வரவேண்டும். இந்தத் துறையில் அடுத்து உழைக்கவேண்டிய இடம் இதுவே என்பது என் முடிவு.

கோப்பு முறைமைக் கருவி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியின் வெளியீட்டை லினக்ஸின் டெவ்-ஃபுல் சாதனத்துக்குத் திருப்பிப் பாருங்கள். அதில் எழுதச் சொன்னால் எப்போதும் இடமில்லை என்ற பிழையே வரும். குனூ கோர்யூட்டில்ஸின் கட்டளைகள் அங்கே முறையாகத் தோல்வியைச் சொல்கின்றன. உங்களுடையது வெற்றிக்குறியோடு முடிந்தால், தன் அறிக்கையே எழுதப்படாததைக்கூட அது கவனிக்கவில்லை. அதைத் திருத்திய பிறகு டிஎம்-எரரின் மேலும், எழுதியதை வீசிவிடும் டிஎம்-ஃபிளேக்கியின் மேலும் ஒருமுறை ஓட்டுங்கள். எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல் நில்லுங்கள். திரும்பப் படித்து ஒப்பிடுவதானால், முதலில் கோப்பு முறைமையை அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு உங்கள் கருவி தரும் தேர்ச்சிச் சான்றை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.